அழுகிறவரிடம் இங்கிலீஷில் என்ன சொல்வது?

பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் ஆறுதல் சொல்வது என்று ஒரு பாடமே கிடையாது. மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதத் தெரியும், ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாக மாற்றத் தெரியும், காந்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரியும். எதிரில் ஒருவர் உடைந்துபோய்ப் பேசினால் வாயில் வருவது ‘டோன்ட் வொர்ரி’ ஒன்றுதான். நம்மில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வேலை விமான டிக்கெட், ஹோட்டல் அறை பதிவு செய்தவர்களின் போனை எடுப்பது. மதுரை ரிங் ரோட்டில் பாண்டி கோயிலுக்குப் பக்கம் இலந்தைகுளம் ஐடி பார்க் இருக்கிறதல்லவா, அங்கேதான் ஆபீஸ். விடியற்காலை ஷிப்ட் என்றால் ஆஸ்திரேலியா, மத்தியானம் என்றால் பிரிட்டன், ராத்திரி என்றால் அமெரிக்கா. டிக்கெட் விஷயத்தில் அழ என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். டிக்கெட் வாங்குகிறவர்கள் எங்களைக் கூப்பிடுவதில்லை, ரத்து செய்கிறவர்கள்தான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு ரத்துக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அம்மா ஐசியூவில் இருப்பார். நிச்சயித்த கல்யாணம் நின்றிருக்கும். வேலை போயிருக்கும். நாம் கேட்கவே வேண்டாம், அவர்களே சொல்லிவிடுவார்கள். முகம் தெரியாத ஆளிடம் மனதில் இருப்பதைக் கொட்டுவது சிலருக்குச் சுலபம் போலிருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் புதியவர்களை ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். நெஸ்டிங் என்று அதற்குப் பெயர். ஒரே இணைப்பில் இரண்டு ஹெட்செட் மாட்டியிருக்கும். பேசுவது சீனியர், நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அமைந்தவர் வில்லாபுரத்து அக்கா ஒருவர். பேச்சில் வேகம் கிடையாது, பையத்தான் பேசுவார்.

அன்றைக்கு இங்கே ராத்திரி 2 மணி. அமெரிக்காவின் ஒஹையோவில் சாயங்காலம் நாலரை. ஒரு வயதான அம்மா கூப்பிட்டு, இரண்டு சீட்டில் ஒன்றை மட்டும் ரத்து செய்ய வேண்டும் என்றார். எந்தப் பயணியின் சீட் என்று அக்கா கேட்டார். கணவர் பெயரைச் சொல்லிவிட்டு, ‘ஹி பாஸ்டு ஆன் டியூஸ்டே’ என்றார் அந்த அம்மா. செவ்வாய்க்கிழமை தவறிவிட்டார் என்று அர்த்தம். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். ‘ஓ... ஐ ஆம் ஸோ சாரி.’ அவ்வளவுதான், அப்புறம் பேசவில்லை. அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. எனக்குப் பதற்றம். போனில் இப்படிச் சத்தமில்லாமல் விடுவதை டெட் ஏர் என்பார்கள், தரம் பார்க்கிற க்யூஏ ஆட்கள் அதற்கு மார்க் குறைப்பார்கள். கொஞ்சம் பொறுத்து அக்கா மெதுவாக, ‘டேக் யுவர் டைம். ஐ ஆம் ரைட் ஹியர்’ என்றார். அந்த அம்மா அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, கணவர் எப்போதும் ஜன்னல் சீட்டுதான் கேட்பார், இந்த முறையும் அவருக்காகத்தான் அதைப் போட்டோம் என்று சொன்னார். ‘டெல் மீ அபௌட் ஹிம்’ என்று அக்கா கேட்டதும் குரலே மாறிவிட்டது. அவர் பேசப் பேச அக்கா கேட்டார். கடைசியில் ‘தேங்க் யூ, ஹனி’ என்று சொல்லிப் போனை வைத்தார்.

வழக்கமாக முடிக்கும்போது ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா’ என்று ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும். அக்கா அதைச் சொல்லவில்லை. ‘டேக் கேர் ஆஃப் யுவர்செல்ஃப், ஓகே?’ என்று முடித்தார். நான் பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்திருக்கும். “செத்த வீட்டுக்குப் போனா என்ன பண்ணுவ? கையப் புடிச்சுக்கிட்டு உக்காருவேல்ல? போன்ல கை இல்ல, அதனால குரலாலதான் உக்காரணும்” என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் இழவு வீட்டுக்குள் நுழைகிற பெண்கள் யாரும் தைரியமாக இரு என்று ஆரம்பிப்பதில்லை. நேரே போய்க் கட்டிப்பிடித்து, தோள்மேல் கை போட்டு வட்டமாக உட்கார்ந்து, சேர்ந்து அழுவார்கள். ஒப்பாரியில் போனவருடைய அருமை பெருமை எல்லாம் வரும். ‘டெல் மீ அபௌட் ஹிம்’ என்று அக்கா கேட்டதும் அதைத்தான். சோறு, தண்ணி, பிள்ளைகள் என்ற பேச்சு பிறகுதான் வரும். இது நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இங்கிலீஷ் என்றதும் ஏனோ மறந்துபோகிறது, உடனே தேற்றிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறோம்.

அந்த வாரமே ஒரு ரூல்டு நோட்டு வாங்கினேன். காதில் விழுகிற ஆறுதல் வார்த்தையை எழுதி, யார் சொன்னது, யாருக்கு, என்ன நடந்ததற்கு என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்தால் ஒன்றுக்கும் உதவாது. ‘சியர் அப்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்ச் தோற்றுவிட்டது, மழையால் பிக்னிக் கெட்டது, இந்த மாதிரி சின்ன வாட்டத்துக்குச் சரி. பெரிய துக்கத்தில் சொன்னால், ‘போதும், முகத்தை மாற்று’ என்று அதட்டுவதுபோல் ஆகிவிடும். பிரிட்டனில் தெருவில் போகிற பெண்ணைப் பார்த்து ‘சியர் அப் லவ், இட் மைட் நெவர் ஹேப்பன்’ என்று சில ஆண்கள் சொல்வதுண்டு. அங்கத்துப் பெண்களுக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். நியாயமான எரிச்சல்தான்.

தலை நிமிர்ந்து இரு என்கிற ‘சின் அப்’ கொஞ்சம் பழைய பிரிட்டிஷ் வாடை அடிக்கும். தாத்தா பேரனிடமும் கோச் விளையாட்டுப் பையனிடமும் சொன்னால் அழகு. வயதில் மூத்தவரிடம் நாம் சொன்னால் எடுபடாது. ‘ஹேங் இன் தேர்’ அமெரிக்கர்களுடையது. 1970-களின் தொடக்கத்தில் விக்டர் பால்ட்வின் என்ற போட்டோகிராபர், மூங்கில் கழியில் தொங்குகிற ஒரு சயாமீஸ் பூனைக்குட்டியின் படத்தில் இதை அச்சிட்டு போஸ்டராக விற்றார். அமெரிக்கா முழுக்க ஆபீஸ் சுவர்களில் அது தொங்கியதாம். அந்தப் படத்தை நினைத்துக்கொண்டால் எங்கே சொல்லலாம் என்பது மறக்காது. பிடியை விடாமல் இருந்தால் கரை சேரலாம் என்கிற நிலைமைக்குத்தான் அது. கீமோ நடந்துகொண்டிருக்கிறது, விவாகரத்து வழக்கு இழுக்கிறது, விசா வரவில்லை. இப்படி இன்னும் முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிற கஷ்டத்தில் சொல்லலாம். எல்லாம் முடிந்துபோன இடத்தில் சொல்லக்கூடாது. கணவரை இழந்தவருக்குப் பிடித்துக்கொண்டு தொங்க என்ன இருக்கிறது? உன்னால் முடியும் என்கிற ‘யூ காட் திஸ்’ என்பதும் காலம் பார்த்துச் சொல்ல வேண்டியதுதான். பரீட்சைக்கு, இன்டர்வியூவுக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் சொன்னால் தெம்பு வரும். பெயிலான பிறகு சொன்னால் குத்திக்காட்டுவதாகப் போய்விடும்.

தமிழில் யோசித்து இங்கிலீஷில் சொல்லும்போது அதிகம் சறுக்குவது ஃபீல் என்ற சொல்லில்தான். நாள் முழுக்க ‘ஃபீல் பண்ணாதே’ என்று பேசிப் பழகியவர்கள் நாம். அதை அப்படியே ‘டோன்ட் ஃபீல், மேடம்’ என்று சொன்னால், உணர்ச்சியே வேண்டாம் என்று உத்தரவு போட்டதாக அந்தப் பக்கம் கேட்கும். ‘டோன்ட் ஃபீல் பேட்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தப்பெல்லாம் தன்னுடையது என்று தன்னையே நொந்துகொள்ளும்போது அது பொருந்தும். அதே இடத்தில் இன்னும் நெருக்கமாக, ‘டோன்ட் பீட் யுவர்செல்ஃப் அப்’ என்பார்கள். மகளின் பாஸ்போர்ட் காலாவதியானதைப் பார்க்காமல் ஏர்போர்ட் வரை போய்த் திரும்பிய ஒரு அப்பாவிடம் அதைச் சொன்னேன். ‘தேங்க்ஸ், ஐ நீடட் டு ஹியர் தட்’ என்றார். அன்று முழுக்க எனக்கு மனது நிறைந்திருந்தது.

இந்தச் சொற்களில் பெரும்பாதி, இருக்கிற நிலையிலிருந்து எழுந்திரு என்று சொல்பவை. சியர் அப், சின் அப், லுக் ஆன் தி பிரைட் சைட், இட்ஸ் நாட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட். மீதி, உன் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று சொல்பவை. ‘தட் மஸ்ட் பி ரியலி ஹார்ட்.’ ‘ஐ ஆம் ஹியர் ஃபார் யூ.’ ‘டு யூ வான்ட் டு டாக் அபௌட் இட்?’ நம் ஆட்கள் முதல் வகையை மட்டும் கற்றுக்கொண்டு வருகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் பேசக் காத்திருந்தால், முதல் வகை தேவையா இல்லையா என்பது அவர் பேச்சிலேயே தெரிந்துவிடும். நண்பர்களுக்குள் ‘தட் சக்ஸ்’ என்பதும் இந்த இரண்டாம் வகைதான். கொச்சையான சொல் என்பதால் வேலை இடத்திலும் பெரியவர்களிடமும் வேண்டாம். ஆனால் சிநேகிதியிடம் சொன்னால், ‘கொடுமைடி’ என்று நாம் சொல்வதில் இருக்கிற அதே ஒட்டுதல் அதில் இருக்கும்.

எதையும் ‘அட்லீஸ்ட்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ‘அட்லீஸ்ட் கஷ்டப்படாமப் போயிட்டாரே’, ‘அட்லீஸ்ட் இன்னொரு பிள்ளை இருக்கே’ என்பதெல்லாம் தமிழிலும் வலிக்கும், இங்கிலீஷிலும் வலிக்கும்.

இவ்வளவு எழுதி வைத்திருந்தும், நாட்டுக்கு நாடு அர்த்தம் எப்படி மாறும் என்பது தம்பி மூலமாகத்தான் நன்றாகப் புரிந்தது. அவன் பர்மிங்ஹாமில் இருக்கிறான். நம் நாட்டு லைசென்ஸை வைத்து அங்கே ஒரு வருடம்தான் ஓட்டலாம், அதற்குப் பிறகு அவர்கள் டெஸ்டில் பாஸாக வேண்டும். சின்னத் தப்பு 15 வரை விடுவார்கள். சீரியஸ் என்று ஒன்று விழுந்தாலே பெயில். இவன் ரவுண்டானாவில் வலது பக்கமிருந்து வந்த காருக்கு வழிவிடாமல் நுழைந்துவிட்டான். காளவாசல் சிக்னலில் ஓட்டிப் பழகியவனுக்கு அது தப்பென்றே தோன்றியிருக்காது. வாடிப்போய் அறைக்கு வந்தவனிடம், கூடத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரப் பையன் ‘அன்லக்கி, மேட்’ என்று சொல்லியிருக்கிறான்.

“அக்கா, நான் ராசியில்லாதவனாம். மூஞ்சிக்கு நேரா சொல்றான்.”

“டேய், அவன் உனக்குப் பரிஞ்சு பேசியிருக்கான்டா. அங்க சின்னப் பையன் பந்த கோலுக்கு வெளிய அடிச்சாக்கூட கோச்சு அன்லக்கின்னுதான் கத்துவாரு. உன் மேல தப்பில்ல, நேரம் சரியில்லன்னு அர்த்தம்.”

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. “நான் அவன்ட்ட ரெண்டு நாளாப் பேசலக்கா” என்றான். “போய் ஒரு டீ போட்டுக் குடு, சரியாப் போகும்” என்றேன். சும்மா சொல்லவில்லை. ‘ஐ வில் புட் தி கெட்டில் ஆன்’ என்று எழுந்து போவதே பிரிட்டனில் ஆறுதல்தான். கோரிப்பாளையத்தில் நின்று ‘வா மாப்ள, ஒரு டீயப் போடுவோம்’ என்று தோளில் கை போடுகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ‘ஹார்ட் லக்’ என்றால் அதுவும் பரிவுதான். ஆனால் ‘டஃப் லக்’ என்று மாற்றிவிடாதீர்கள், ‘அதுக்கு நான் என்ன செய்ய’ என்கிற தொனி அதில் வரலாம். ‘தட்ஸ் டஃப்’ என்றால் பரிவு, ‘டஃப்’ என்று மட்டும் வெடுக்கென்று சொன்னால் அலட்சியம்.

வெயிலையும் மேகத்தையும் வைத்து அவர்கள் சொல்கிற ஆறுதல் எனக்கு இன்னும் நாக்கில் ஒட்டவில்லை. ‘எவ்ரி கிளவுட் ஹேஸ் எ சில்வர் லைனிங்’ என்பதன் வேர் 17-ஆம் நூற்றாண்டுக் கவிதை ஒன்றில் இருக்கிறது. வருடத்தில் பாதி நாள் மூட்டம் போட்டிருக்கிற ஊரில் மேகம் துன்பமாகவும் வெயில் நல்ல காலமாகவும் தெரிவது சரிதான். சித்திரை வெயிலில் வைகை மணல் கொதிக்கும்போது அழகர்மலைப் பக்கம் கறுத்துவந்தால் எங்களுக்கு அதுவே நல்ல காலம். அதற்கு ஓரத்தில் வெள்ளி ஜரிகை வேறு எதற்கு? இந்த வரிகளைக் கேட்டுப் புரிந்துகொள்கிறேன், நானாகச் சொல்வதில்லை. தனக்குள் ஊறாத சொல்லை ஆறுதலாகச் சொன்னால் கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

ஆஸ்திரேலியர்கள் எதற்கும் ‘ஷீல் பி ரைட்’ (எல்லாம் சரியாகிவிடும்), ‘நோ வொர்ரீஸ்’ என்று லேசாகப் பேசுகிறவர்கள். அங்கேதான் 2009-இல் கேவின் லார்க்கின் என்பவர், தற்கொலை செய்துகொண்ட தன் அப்பாவின் நினைவாக ‘ஆர் யூ ஓகே?’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். வருடா வருடம் செப்டம்பர் இரண்டாவது வியாழக்கிழமை அதற்கென்றே ஒரு நாள். கேள், காது கொடு, உதவி தேடத் தூண்டு, பிறகு மறுபடி விசாரி. இந்த நான்குதான் அவர்கள் சொல்லித் தருவது. நான்காவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அந்த வீட்டுக்கு யார் போகிறோம்? ‘ஜஸ்ட் செக்கிங் இன் ஆன் யூ’ என்று ஒரு மாதம் கழித்து ஒரு மெசேஜ் போட இங்கிலீஷ் பெரிதாக வேண்டியதில்லை.

மெசேஜ் என்றதும் ஞாபகம் வருகிறது. உசிலம்பட்டியிலிருந்து வருகிற எங்கள் டீம் பையனுக்கு அப்பா தவறியபோது, சிட்னியில் இருக்கிற மேனேஜரம்மா அனுப்பியது இவ்வளவுதான்: ‘திங்கிங் ஆஃப் யூ அண்ட் யுவர் ஃபேமிலி. நோ நீட் டு ரிப்ளை.’ போன் முழுக்க ரிப் மெசேஜாக வந்து குவிந்த அன்றைக்கு, பதில் போட வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்று அவன் இன்றைக்கும் சொல்வான்.

வார்த்தை போதாத இடமும் உண்டு. போனில் ஒருவர் இனி வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரிப் பேசினால், நாங்கள் தேற்ற முயல்வதோடு நிற்கக்கூடாது. என் மானிட்டர் ஓரத்தில் அதற்கான மூன்று உதவி எண்கள் ஒட்டியிருக்கின்றன. அமெரிக்காவுக்கு 988, பிரிட்டனுக்கு 116 123, ஆஸ்திரேலியாவுக்கு 13 11 14. கீழே நமக்கானதையும் எழுதி வைத்திருக்கிறேன்: டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 14416. இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ‘யூ டோன்ட் ஹேவ் டு கோ த்ரூ திஸ் அலோன்’ என்று சொல்லிவிட்டு அந்த எண்ணை நிதானமாக இரண்டு தடவை சொல்வேன்.

அடுத்த வாரம் புதிதாக ஒரு பேட்ச் வருகிறது. அவர்களுக்கு இந்த வகுப்பை நீயே எடு என்று டீம் லீடர் சொல்லியிருக்கிறார். ஒத்தக்கடை, திருமங்கலம், வாடிப்பட்டி என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள்தான் அதிகம். பட்டியல் அச்சடித்துக் கையில் கொடுக்கப்போவதில்லை. முதல் நாள் ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறேன். ‘சாரி’ என்றதும் பழக்கத்தில் பின்னாடியே ஓடிவருகிற ‘ஃபார் தி இன்கன்வீனியன்ஸ்’ இல்லாமல், ‘ஐ ஆம் ஸோ சாரி’ என்று மட்டும் சொல்லி அவரவர் போனில் பதிவு செய்து, ஒருவர் குரலை மற்றவர் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கே அந்தப் பொழுது போய்விடும். அன்லக்கியும் ஹேங் இன் தேரும் இரண்டாம் நாளைக்கு.